கன்னத்துக்குச் சிவப்பு வைத்தவள்

எங்கள் பட்டறையில் வண்ணம் தீட்டும் பன்னிரண்டு பெண்களில் கெசாயா பிளம்ரிட்ஜுக்குத்தான் கடைசி நாற்காலி. கடைசி என்றால் உசத்தி. ஸ்ட்ராண்ட் தெருக் கடையில் விற்கும் எங்கள் மாதப் பத்திரிகையில் இதழுக்கு இரண்டு படங்கள் வரும்; புது மோஸ்தர் உடையில் சீமாட்டிகள். கறுப்புக் கோடாக அச்சான தாள் மேசையின் ஒரு முனையில் புறப்படும். ஒருத்தி புல்லுக்குப் பச்சை, அடுத்தவள் குடைக்கு நீலம், நான் கவுனுக்கு மஞ்சள். ஆளுக்கு ஒரு நிறம்தான். மறுமுனைக்குப் போனதும் கெசாயா கன்னத்தில் சிவப்பு வைப்பாள். ஒன்பது வருடமாக அதே வேலை. லண்டன் சீமாட்டிகள் எல்லாரும் தன் கையால்தான் வெட்கப்படுகிறார்கள் என்று அவளுக்கு நினைப்பு.

வாட்டர்லூ சண்டை முடிந்த வருடம் லெட்டிஸ் வந்தாள். பத்தொன்பது வயது. முதல் வாரமே அவள் சிவப்பு வைத்துக் காட்டிய முகத்தைப் பார்த்து, மேற்பார்வை பார்க்கும் டாப்ஸ்காட் அம்மாள் "அட!" என்றார். அந்த ஒரு "அட" கெசாயாவின் வயிற்றில் போய் எரிந்தது.

"கன்னமாடி அது? பல்வலிக்காரி மாதிரி வீங்கிக் கெடக்கு."

"உங்களது மட்டும் என்னக்கா? அடுப்படியிலேருந்து எந்திரிச்சு வந்தவ மாதிரி இருக்கு."

மேசையே சிரித்தது. அன்றிலிருந்து கெசாயாவுக்கு ரொட்டி இறங்கவில்லை. சிவப்புக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு வேலை செய்தாள். லெட்டிஸ் தும்மினாலும், "மூக்குலயும் சிவப்பு வச்சுட்டாளா?" என்பாள்.

பொறுக்க முடியாமல் டாப்ஸ்காட் அம்மாள் சொன்னார்: "ஒரே படத்துல ரெண்டு தாள் எடுத்து ஆளுக்கொரு முகம் போடுங்க. கடை ஜன்னல்ல பக்கத்துல பக்கத்துல ஒட்டுறேன். எதை ஜனங்க மெச்சுறாங்களோ அவளுக்கு நாற்காலி. இன்னொருத்தி புல்லுக்குப் போவா."

புல் என்றதும் கெசாயாவின் முகம் வெளுத்தது.

மறுநாள் காலை கெசாயாவும் லெட்டிஸும் சாட்சிக்கு நானும் கடைக்குள் திரைக்குப் பின்னால் நின்றோம். முதலில் ஒரு தாயும் மகளும் வந்தார்கள்.

"தோள்ல எத்தனை சுருக்கு வச்சிருக்கான் பாரேன்!"

"அம்மா, அந்த மஞ்சளைப் பாரும்மா! போன மாச மஞ்சள் இல்ல, இது வேற!"

போய்விட்டார்கள். அடுத்து வந்தவள் கவுன் விளிம்பின் ரிப்பனை எண்ணினாள். அதற்கடுத்தவள் கையுறை போட்ட கட்டைவிரலைக் கண்ணாடியில் வைத்து, படத்திலிருந்த முகத்தை மறைத்தாள். "இப்பப் பாருடி, நானே போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு!" என்று தோழியிடம் சொன்னாள்.

மதியம் வரை பதினோரு பேர். ஒருத்தியும் முகத்தைப் பற்றிப் பேசவில்லை.

"மூஞ்சியைப் பாக்கவே மாட்டேங்குறாளுவளே..." என்றாள் கெசாயா. லெட்டிஸ் அழுதுவிட்டாள். சூழ்நிலை தெரியாமல் நான் அந்த மகளின் கீச்சுக்குரலில், "மஞ்சளைப் பாரும்மா!" என்றேன். கெசாயா திரும்பினாள். என் விரல் நுனிகளில் ஒட்டியிருந்த மஞ்சளையே வெகுநேரம் பார்த்தாள்.

"முகம் எவ போட்டாலும் ஒண்ணுதான் போலிருக்கு. லெட்டிஸே போடட்டும், கை வேகமா ஓடுது" என்றார், பட்டறைக்குத் திரும்பி நாங்கள் சொன்னதைக் கேட்ட டாப்ஸ்காட் அம்மாள். பட்டறை இடியப்போகிறது என்று நான் காதைப் பொத்தத் தயாரானேன்.

"போடட்டுமே. அது பெரிய வேலையா?" என்றாள் கெசாயா.

அடுத்த நாள் காலை நான் போனபோது என் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் கிண்ணம் அவள் மடியில்.

"அக்கா, அது என் எடம்."

"உனக்கு மஞ்சள் கோட்டுக்கு வெளிய வழியுதுடி, தாம்சின். ரொம்ப நாளாச் சொல்லணும்னு இருந்தேன். புல்லுக்குத்தான் உன் கை நல்லாருக்கும்."

டாப்ஸ்காட் அம்மாளிடம் முறையிட்டேன். "ஒன்பது வருஷக் கைம்மா" என்று சொல்லிவிட்டார்.

இப்போது நான் பச்சை. தாள் என்னைத் தாண்டிப் போய் அவளிடம் நிற்கும்போது எட்டிப் பார்க்கிறேன். கோட்டுக்கு வெளியே ஒரு துளிகூட வழியவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.