தேசம்மா மொட்டையடித்த படம்

போன வாரம் மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது கூடப் படித்த லட்சுமிபதி காளஹஸ்தியிலிருந்து போனில் கூப்பிட்டான். எப்போதும் "இன்னாக்கா" என்று சிரித்துக்கொண்டேதான் ஆரம்பிப்பான். அன்று சிரிப்பு இல்லை. "தேசம்மா பூட்டாக்கா. காத்தால நெஞ்சு வலின்னாளாம், ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே..." என்றான். கிரைண்டரை நிறுத்தக்கூடத் தோன்றாமல் நின்றேன். அவளாவது, போவதாவது! இப்போதும் நம்ப முடியவில்லை.

திருப்பதியில் அந்த மாடி வகுப்பில் எங்களோடு வெப் டிசைனும் போட்டோ எடிட்டிங்கும் கற்றவர்களுக்கு அவளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நகரியில் விசைத்தறி ஓட்டும் தமிழ்க் குடும்பத்துப் பெண். பையன்கள் குவைத்துக்கும் பெங்களூருக்கும் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்திருந்தது. நானும் அவளும் ஒரே பஸ்ஸில் வடமாலபேட்டை வழியாக வருவோம். காலையில் மாடியில் வகுப்பு, மற்ற நேரம் கீழே பிரௌசிங் சென்டரில் வேலை.

எனக்கு மவுஸைத் தொடவே பயம். எதையாவது அமுக்கி எல்லாம் அழிந்துபோனால்? அவளுக்கு அந்தப் பயமே கிடையாது. "இன்னாடி ஆவப்போவுது? மிஷின் நம்மளத் துன்னுடுமா?" என்பாள். படத்தின்மேல் படம் அடுக்கும் லேயர் பாடம் நடந்த அன்றே, சாருடைய மீசையை வெட்டி என் முகத்தில் ஒட்டிவிட்டாள். சார் பார்த்துவிட்டு, "ஓரம் இன்னும் சுத்தமா வெட்டணும்மா" என்று மட்டும் சொன்னார். எனக்குத்தான் மானம் போயிற்று.

அவள் யார் என்று எனக்குப் புரிந்தது ஆரணிக்காரர் ஒருவர் சென்டருக்கு வந்தபோதுதான். குவைத்தில் வேலை செய்பவர். அம்மாவின் வேண்டுதலுக்காக லீவில் வந்து, அம்மாவும் பிள்ளையுமாக மலையில் முடி கொடுத்திருக்கிறார்கள். வெளியே வந்த நெரிசலில் அம்மாவைக் காணோம். காது மந்தம், தெலுங்கும் வராது. ஒலிபெருக்கியில் கூப்பிட்டும் பலனில்லை. மெயிலில் இருந்த அம்மாவின் படத்தை எங்களிடம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டினார். மறுநாள் கால் வீங்கி, கண் சிவந்து, இன்னும் சில பிரிண்ட் வேண்டும் என்று திரும்ப வந்தார்.

பிரிண்டை வாங்கிப் பார்த்த தேசம்மா நிமிர்ந்து அவர் தலையைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். "அண்ணா, நீங்க இன்னா படத்தக் காட்டிக்கினு சுத்தறீங்க? பெரிய கொண்டை, மல்லிப்பூ, பட்டுச்சேலை! அம்மா இப்ப மொட்டை இல்லையா?"

அவர் தலையைத் தடவிக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எங்களில் ஒருவருக்காவது தோன்றியதா? நாள்தோறும் ஆயிரம் மொட்டைகளைப் பார்க்கிற ஊரில், கொண்டை போட்ட அம்மாவைத் தேடிக்கொண்டிருந்தோம்.

"நான் அடிக்கிறேன் மொட்டை" என்று உட்கார்ந்தாள். அதுவரை அவள் வெட்டி ஒட்டியது ஒரு மீசை மட்டும்தான் என்பது எனக்கல்லவா தெரியும்! முகத்தின் நிறத்தை எடுத்து முடியின்மேல் பூசினாள். கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு தலை வந்தது. ஆரணிக்காரர் பார்த்துவிட்டு, "இது எங்கம்மா இல்லைங்க" என்று விசும்பினார்.

தேசம்மா அதை அழித்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "அண்ணா, உங்க தலையக் குடுங்க. அம்மா பெத்த தலைதானே அது?"

குவைத்துக்காரர்களோடு பேசுவதற்காக மானிட்டர்மேல் கட்டி வைத்திருந்த சின்ன கேமரா முன்னால் அவரை நிறுத்தினாள். படத்தில் அம்மா திரும்பியிருந்த பக்கமே அவரையும் திரும்பச் சொன்னாள். அதே ஏறிய நெற்றி, அதே விரிந்த காது. புதிதாக மழித்த தலை முகத்தைவிட வெளுப்பாக இருந்தது. காய்ந்த சந்தனம் அங்கங்கே ஒட்டியிருந்தது. அதையெல்லாம் அப்படியே எடுத்து அம்மாவின் புருவத்துக்குமேல் பொருத்தினாள். தப்பு வரும், அழிப்பாள், மறுபடி வெட்டுவாள். அன்று என்ன உடுத்தியிருந்தார் என்று கேட்டு, பட்டுச்சேலையைப் பச்சை நூல்சேலை ஆக்கினாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு மனுஷி உருவாகி வருகிறாள் என்றுதான் தோன்றியது. ஆரணிக்காரர் திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா..." என்றார்.

பிரிண்ட் எத்தனை இடத்துக்குப் போகும்? "வெப் பக்கமா போட்டுடலாம்டி" என்றாள். இலவசமாக இடம் தந்த ஒரு தளத்தில், கற்றிருந்த அரைகுறை எச்டிஎம்எல்லில், மேலே 'அம்மாவைக் காணோம்', நடுவில் படம், கீழே சென்டரின் போன் நம்பர். அவ்வளவுதான். சித்தூரிலும் காளஹஸ்தியிலும் பிரௌசிங் சென்டரில் இருந்த எங்கள் வகுப்புக்காரர்களுக்கு போன் போட்டு, முகவரியை எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.

காளஹஸ்தியில் இதே லட்சுமிபதிதான் எடுத்தான். அப்போதெல்லாம் படம் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். "தலை வருது... நெத்தி வருது..." என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தவன் திடீரென்று கத்தினான். "ஏய், இந்த ஆயாவா! பஸ் ஸ்டாண்டுல பூக்காரம்மா பக்கத்துல உக்காந்துகினு இருக்குது. காத்தால கூட இட்லி வாங்கிக் குடுத்தாங்க!" ஆரணிக்காரர் அழுததை நான் எழுதப்போவதில்லை.

பின்னால் தெரிந்தது. மலையில் முன்னால் போன ஒரு மொட்டைத் தலையை மகன் என்று நினைத்து அம்மா பின்னாலேயே நடந்து பஸ் ஏறிவிட்டாராம். இறங்கிப் பார்த்தால் யாரோ! அன்று மாலை மகனோடு சென்டருக்கு வந்தவர், தன் படத்தை வெகுநேரம் பார்த்தார். "மொட்டை எனக்கு நல்லாத்தான் இருக்குதுடா" என்றார்.

அவர்கள் படியிறங்கியதும் தேசம்மா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை அழித்தாள். படத்தையும் அழித்தாள். நான் பதறிவிட்டேன். அவள் செய்த முதல் வெப் பக்கம் அல்லவா! "ஒரு காப்பியாவது வச்சிக்கோடி, பரீட்சைக்கு சாருக்குக் காட்டலாம்" என்றேன்.

"போடி இவளே. கெடச்சவங்கள இன்னும் காணோம்னு போட்டுக்கினு இருப்பாங்களா?"

பிறகு அவள் பெங்களூரில் பெரிய கம்பெனிகளுக்கெல்லாம் தளங்கள் செய்தாள். நானும் அதே தொழிலில்தான் பிழைக்கிறேன். அவள் வேலையில் என்னிடம் தங்கியிருப்பது, இன்று எந்த கம்ப்யூட்டரில் தேடினாலும் கிடைக்காத அந்த ஒரு பக்கம். அதைவிட நல்ல வெப் பக்கத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒரு தாய் கிடைக்கும்வரை அது இருந்தது, கிடைத்ததும் போய்விட்டது.