பேய்வீட்டுப் படத்துக்கு நான் கதை சொன்னது

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். கிணற்றடிக்குப் பயம், சைரனுக்குப் பயம், சைரன் ஊதாத நாளில் ஏன் இன்னும் ஊதவில்லை என்று பயம். அப்படிப்பட்ட நான் ஒரு கொட்டகைச் சனத்தையே நடுங்க வைத்தேன் என்பதை இப்போதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துதான் சொல்வேன்.

திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு விழுந்த வருஷம். இருட்டடிப்பு என்பதால் பொழுதுபட்டால் ஊரில் வெளிச்சம் காட்டக்கூடாது. அதனால் கடற்கரைத் தகரக் கொட்டகையில் சாக்குகளைத் தொங்கவிட்டு, பட்டப்பகலை இருட்டாக்கிப் படம் காட்டினார்கள். கப்பல்காரருக்கென்று வந்த இங்கிலீசுப் படங்கள். எங்கள் ஆட்களுக்கு விளங்கவேண்டுமே! திரைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிமேல் நின்று தமிழில் கதை சொல்வதுதான் அப்பாவின் வேலை.

அந்தக் கிழமை முழுக்கப் பேய்வீட்டுப் படம். மலையுச்சியில் மாளிகை, அங்கே வாழ்க்கைப்பட்டு வரும் ஏழைப்பெண், திறக்கக்கூடாத ஓர் அறை, ஜன்னலில் விளக்கோடு நிற்கும் செத்துப்போன மூத்த தாரம். பெண்கள் அலறினார்கள், அலறிவிட்டு மறுநாளும் வந்தார்கள். நானும் விரலிடுக்கால் நாலுதரம் பார்த்துவிட்டேன். சைரன் பயம் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. இந்தப் பயம் இரண்டு மணித்தியாலத்தில் முடிந்துவிடும்.

ஐந்தாம் நாள் அப்பாவின் தொண்டை அடைத்து வெறும் காற்றுத்தான் வந்தது.

"கதை சொல்ல ஏலாதெண்டால் நாளையிலிருந்து வேற ஆளைப் பாக்கிறன்," என்றார் கொட்டகை முதலாளி.

அப்பா என்னைப் பார்த்தார். "நீதானே நித்திரையிலும் இந்தக் கதையைப் புலம்புறாய்," என்று காற்றுக்குரலில் சொல்லி, என்னைத் தூக்கிப் பெட்டிமேல் நிறுத்திவிட்டார்.

"இதென்ன, கோழிக்குஞ்சை ஏத்தி வைச்சிருக்கு?" என்றார் முன்வரிசையில் ஒருவர். ஒரே சிரிப்பு. என் குரல் நடுங்கியது. அது நடுங்க நடுங்கச் சிரிப்பு அடங்கியது. பேய்க்கதைக்கு ஏற்ற குரல் அதுதான் போலும்.

ஜன்னலில் விளக்குத் தெரிந்ததும் எனக்குக் கதை மறந்துபோனது. "அக்கா, விளக்கை அணையுங்கோ, நூருங்கோ! மேலால பிளேன் வரும்!" என்று கத்திவிட்டேன்.

அப்பாவின் வேலை போச்சு என்று நினைத்தேன். அப்போது பெண்கள் பக்கத்தில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு மனிசி எழும்பி, "நூரடி! உன்ரை ஒருத்தியாலை ஊரே எரியப்போகுது!" என்று திரையைப் பார்த்து ஏசினார். "செத்தவளுக்கென்ன, இருக்கிறது நாங்களெல்லோ!" என்று இன்னொரு குரல். கொட்டகை முழுக்கச் சேர்ந்து பேயை ஏசத் தொடங்கிவிட்டது. முதலாளி வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பாவின் தொண்டை திறக்கும்வரை பெட்டிமேல் நான்தான்.

படம் முடிந்ததும் அந்த மனிசி என்னிடம் வந்தார். "பிள்ளை, பிறகு அந்த வீட்டுக்கு ஆக்கள் திரும்பி வந்தவையோ?"

படத்தில் வீடு பூட்டியபடியே முடிகிறது. ஆனாலும் கதை சொல்பவள் அல்லவா நான். "ஓம், எல்லாரும் வந்து சேர்ந்திட்டினம்," என்றேன்.

என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார். அடுத்தடுத்த நாட்களிலும் வந்தார், அதையே கேட்டார். என் கதை அவ்வளவு பிடித்துவிட்டது என்று வீடு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். குண்டுக்குப் பயந்து ஈச்சிலம்பற்றுப் பக்கம் ஓடிய அவருடைய மகளும் பேரப்பிள்ளைகளும் இன்னும் திரும்பவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும், அவர் கேட்டது எந்த வீட்டை என்று விளங்கவில்லை.