மெதுவாகப் பேசத் தெரியாத ரேடியோ

அவருக்கு ரேடியோ என்று பட்டம் சூட்டியது யார் என்பதில் மில்லில் இன்னும் தகராறு உண்டு. பட்டம் பொருத்தமானது என்பதில் மட்டும் தகராறே இல்லை. காலையில் தறியை ஓட விட்டதும் ஆரம்பித்தால் சங்கு ஊதும்வரை நிற்காது. பந்து எந்தக் காலில் பட்டிருந்தால் கோல் விழுந்திருக்கும், எந்த மந்திரி எந்த மந்திரியின் காலை வாரப்போகிறார், கடவுள் இருக்கிறாரா, இருந்தால் மூலையில் உள்ள அந்தப் பாழாய்ப்போன தறியை ஏன் கண்டுகொள்வதில்லை, எல்லாவற்றுக்கும் அவர் கையில் சுடச்சுட ஒரு கருத்து இருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இவ்வளவையும் அவர் சத்தமே இல்லாமல்தான் பேசினார். நூற்றுக்கணக்கான தறிகள் ஓடுகிற கூடத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் காதில் ஏறாது. அதனால் அங்கே எல்லோரும் உதட்டால்தான் பேசுவார்கள். வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் வடிவம் காட்டி, கூடவே கையையும் புருவத்தையும் சேர்த்துக்கொண்டால் அந்தக் கோடியில் நிற்பவருக்கும் புரிந்துவிடும். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதலில் கத்திப் பார்ப்பார்கள். தொண்டை கட்டியதும் தானாக வழிக்கு வருவார்கள்.

ரேடியோவின் நேயர் ஒருவர்தான். அடுத்த தறிக்காரர், நெட்டை. வாசலில் நுழையும்போதெல்லாம் தலையைக் குனிந்தே பழகி, வெட்டவெளியிலும் குனிந்தே நடக்கிற மனிதர். பெரிய பக்திமான். வேலை முடிந்தால் நேராகப் பிரார்த்தனைக்குத்தான் போவார்.

"உங்க ஆளுகிட்ட நம்ம டீமைப் பத்திச் சொன்னியா?" என்று விரலால் வானத்தைக் காட்டி ரேடியோ உதட்டால் கேட்பார்.

"சொன்னேன். அவரால முடியாதாம்" என்று நெட்டையும் உதட்டால் பதில் சொல்லுவார்.

தோற்கிற பக்கத்தை மோப்பம் பிடித்துப் போய்ச் சேர்வதில் ரேடியோவுக்கு அப்படியொரு ராசி. அவர் ஆதரித்த அணி கோப்பையைத் தொட்டதில்லை. அவர் ஓட்டுப் போட்ட கட்சி நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அதைப் பற்றி அவருக்கு வருத்தமும் இல்லை. ஜெயித்தவனைப் பற்றி ஒரு நாள் பேசலாம், தோற்றவனைப் பற்றி ஆயுள் முழுக்கப் பேசலாம் என்பார்.

விளையாட்டுப் பேச்சு மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. நெட்டையின் மனைவி இறந்து அவர் வேலைக்குத் திரும்பிய அன்று, இரண்டு தறிக்கு நடுவே நின்று அவள் கடைசியாகத் தண்ணீர் கேட்டதைச் சொன்னார். அதுவும் உதட்டால்தான். ரேடியோ பதில் சொன்னதும் அப்படியே. மனசுக்கு நெருக்கமான பேச்சு என்றால் அந்த இருவருக்கும் சத்தம் இல்லாத பேச்சுதான்.

இந்தப் பிழைப்பு ரேடியோவின் காதை என்றைக்குத் தின்று தீர்த்தது என்று அவருக்கே தெரியாது. தெரியவும் வழியில்லை. எதிரே நின்று பேசுகிறவரின் உதட்டைப் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொண்டார். காது மந்தம் என்று மேஸ்திரிக்குத் தெரிந்தால் தறியிலிருந்து தூக்கிப் பஞ்சு கூட்டுகிற வேலைக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதால், சந்தேகம் வந்தபோதும் அதை மனசுக்குள்ளேயே அமுக்கிவிட்டார். அதனால் வீட்டிலும் யாருக்கும் தெரியாமல் போயிற்று. வீட்டில் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அப்பா வாயைத் திறந்தால் கத்துவார்.

ஆம், தறிக்கூடத்துக்கு வெளியே அவர் குரல் ஊரைக் கூட்டும். தன் குரல் தன் காதில் விழுகிற அளவுக்குப் பேசினார், அவ்வளவுதான். உப்பு எங்கே என்று கேட்டால் பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்து அழும். அவருடைய ஒரே மகள், அவர் பாப்பா என்று கூப்பிடுகிறவள், சின்ன வயதிலிருந்தே அந்தக் குரலுக்குத் தோளைக் குறுக்கிக்கொள்ளப் பழகியிருந்தாள். "மெதுவாப் பேசுங்கப்பா" என்று அவள் சொல்லாத நாள் கிடையாது. அவரும் மெதுவாகத்தான் பேசுவதாக நினைத்துக்கொண்டு மெதுவாகவே கத்துவார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் அவருக்கு இருப்புக் கொள்ளாது. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்ப்பார். தறி ஓடாத உலகத்தில் என்ன செய்வதென்று அவருக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை.

வளர்ந்து வேலைக்குப் போன பாப்பா ஒரு நாள் தனக்குப் பிடித்த பையனைச் சாப்பிட அழைத்து வந்தாள். வந்தவன் எதிர் அணிக்காரன். போதாததற்கு ஆளும் கட்சிக்காரன். ரேடியோவுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டிலேயே சண்டை போட ஒரு மாப்பிள்ளை! நெட்டையோடு பேசுகிற அதே உரிமையில், ஆனால் இங்கே குரலோடு, மேசையைத் தட்டித் தட்டிப் பேசினார். "உனக்கெல்லாம் யாருய்யா ஓட்டுரிமை குடுத்தது!" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு அவரிடம் இல்லை. பையன் முகம் சுண்டிப்போய், பாதிச் சாப்பாட்டில் எழுந்து, அவசர வேலை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ரேடியோ கை கழுவிக்கொண்டிருந்தார். பாப்பா அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று கேட்டாள்.

"அவரை உங்களுக்குப் பிடிக்கலையாப்பா? வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க."

அவர் திரும்பவில்லை. குழாயை மூடி, துண்டில் கையைத் துடைத்து, ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். அவருக்கு அந்தக் கேள்வி கேட்கவே இல்லை. அவளுக்கோ பதில் கிடைத்துவிட்டது.

அவள் வேறு ஊருக்குப் போய் அவனையே கல்யாணம் செய்துகொண்டாள். அப்பா மனசில் ஒன்றுமில்லை என்று அம்மா எத்தனையோ முறை சொன்னாள். அம்மாக்கள் அப்படித்தானே சொல்வார்கள் என்று மகள் விட்டுவிட்டாள். போன் வந்தால் ரேடியோ அதை மனைவி கையில் திணித்துவிட்டு நகர்ந்துவிடுவார். போனில் உதடு தெரியாது. அப்பாவுக்குத் தன்னோடு பேசக்கூடப் பிடிக்கவில்லை என்று மகள் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். ஒரே ஒரு முறை அவர் போனைப் பிடுங்கி, "நான் எப்ப வேண்டாம்னு சொன்னேன்!" என்று கத்தினார். அதோடு போனும் குறைந்துவிட்டது. பாவி மனுஷன், வாயை வைத்துக்கொண்டு இவர் பட்ட பாடு இருக்கிறதே, வாயில்லாத ஜீவன்கூடப் பட்டிருக்காது.

பிறகுதான் தொண்டையில் கரகரப்பு வந்தது. பஞ்சுத் தூசி என்று நினைத்து வெந்நீர் குடித்தார். கரகரப்பு வலியாகி, வலி கட்டியாகி, கடைசியில் ஒரு டாக்டர் நாற்காலியை அவர் முன்னே இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும், கழுத்தில் ஒரு துளை வைப்போம், மூச்சு அதன் வழியாகப் போகும், ஆனால் பேச்சு வராது என்றார். "பேச வேண்டியவங்ககிட்ட எல்லாம் பேசிட்டு வந்திடுங்க" என்றார்.

வழியெல்லாம் ரேடியோ யோசித்தார். ஆயுள் முழுக்கப் பேசியாயிற்று. பந்தைப் பற்றி, மந்திரிகளைப் பற்றி, இல்லாத கடவுளைப் பற்றி. இப்போது மிச்சம் இருக்கிற குரலுக்குச் சொல்ல ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. பாப்பாவிடம், கத்தாமல், அவள் ஆயுள் முழுக்கக் கேட்ட அந்த மெதுவான குரலில், எனக்கு உன் மேல் கோபம் இல்லை என்று சொல்ல வேண்டும். அந்த ஆசை வந்த பிறகு அவருக்கு வேறெதுவும் ஓடவில்லை. நம்பாத கடவுளிடம் போய் நின்று, அவள் வரவேண்டும் என்று கேட்கும் அளவுக்குப் போய்விட்டார். நெட்டையிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

வந்தாள். அறுவை சிகிச்சைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தனியாக வந்தாள். அம்மா அடுக்களையில் இருந்தாள். ஜன்னலோரம் நாற்காலியில் அவர். எதிரே முக்காலியில் மகள்.

ரேடியோ தன்னை முழுக்க அடக்கிக்கொண்டார். கத்திவிடக் கூடாது, இன்றைக்கு மட்டும் கத்திவிடக் கூடாது. மனைவி இறந்ததை நெட்டை சொன்னபோது தான் எப்படிப் பேசினாரோ, அப்படி, மனசுக்கு நெருக்கமாகப் பேசினார். எல்லாவற்றையும் சொன்னார். கோபம் இல்லை என்றார். மாப்பிள்ளையை முதல் பார்வையிலேயே பிடித்துவிட்டது என்றார். பிறந்த அன்று அவளைக் கையில் வாங்கப் பயந்து பின்னால் போனதைக்கூடச் சொன்னார். மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க அவள் கண் நிரம்பியது. பிறகு அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துத் தேம்பித் தேம்பி அழுதாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். பாரம் இறங்கிய மனுஷனாகத்தான் அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

கண் விழித்து, கழுத்துக் கட்டோடு நிமிர்ந்து உட்காரும் அளவுக்குத் தேறிய பிறகு, மனைவி எதிரே உட்கார்ந்து கஞ்சியை ஆற்றியபடி அந்தப் பேச்சை எடுத்தாள்.

"பாப்பா அழுதுக்கிட்டே இருக்கா. அன்னிக்கே உங்களுக்குக் குரல் போயிருச்சாமே? உதட்டை மட்டும் அசைச்சீங்களாம், ஒரு சத்தமும் வரலையாம். அப்பா என்னமோ சொல்ல வந்தார், எனக்குத்தான் கேட்கக் குடுத்து வைக்கலைன்னு சொல்லிச் சொல்லி அழறா."

ரேடியோ அவள் உதட்டையே பார்த்தார். தப்பாகப் படித்துவிட்டோமோ என்று இன்னொரு முறை சொல்லும்படி சைகை காட்டினார். அவள் சொன்னாள். அதேதான்.

குரல் இருந்தது. அன்றைக்கு இருந்தது. இருந்தும் தறிக்கூடத்துப் பழக்கத்தில் அதைத் திறக்காமலே பேசி முடித்திருக்கிறார். கத்தினால் ஒழியத் தன் சத்தம் தனக்கே கேட்காத மனுஷனுக்கு, சத்தம் வந்ததா வரவில்லையா என்று எப்படித் தெரியும்? அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கஞ்சி ஆறிப்போய் ஆடை கட்டியது.

தண்ணீர் வேண்டும், வலிக்கிறது என்றெல்லாம் எழுதிக்காட்ட ஒரு சிலேட்டு கொடுத்திருந்தார்கள். அதில் "கோபம் இல்லை" என்று எழுதிப் பார்த்தார். மில் வாசலில் தொங்குகிற அறிவிப்புப் பலகை மாதிரி இருந்தது. அழித்துவிட்டார்.

மறுநாள் நெட்டை வேலை முடிந்து தலையில் பஞ்சோடு வந்தார். ரேடியோ உதட்டால் எல்லாவற்றையும் சொன்னார். "நான் இருக்கேன்ல. நீ சொல்லு, நான் எடுத்துச் சொல்றேன்" என்றார் நெட்டை. அவரும் உதட்டால்தான்.

பார்வை நேரம் முடிவதற்குள் மகள் அம்மாவோடு வந்தாள். ரேடியோ மகளைப் பக்கத்து முக்காலியில் உட்காரச் சைகை காட்டிவிட்டு, முகத்தை நெட்டையின் பக்கம் திருப்பி, மெல்ல உதட்டை அசைத்தார். நெட்டை கைகட்டி, குனிந்து, ரொம்ப மரியாதையாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"பாப்பா! எனக்கு உன் மேல கோபம் இல்லம்மா! மாப்பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடிச்சுது! பிடிச்சதாலதான் சண்டை போட்டேன்!"

வார்டே எழுந்து உட்கார்ந்துவிட்டது. கோடியில் ஒருவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டார். நர்ஸ் ஓடி வந்தாள். மகள் சின்ன வயதில் செய்தது போலவே தோளைக் குறுக்கிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள்.

"மாமா, ஏன் இப்படிக் கத்துறீங்க?"

நெட்டை பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். "நானா? நான் எங்கம்மா கத்தினேன்? ஆஸ்பத்திரியாச்சேன்னு மெதுவாத்தானே சொன்னேன்!"

அதுவும் சுவரில் மோதித் திரும்பி வந்தது.

மகள் நெட்டையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு எழுந்து கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் போய் நின்று, "அப்பா" என்றாள். ரேடியோ அவள் எழுந்துபோன முக்காலியையே கவலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா" என்று உரக்கக் கூப்பிட்டாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நெட்டை கையை நீட்டிக் காட்டிய பிறகுதான் அவர் திரும்பினார்.

அவள் முன்னால் வந்து அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள். "அன்னிக்கு நீங்க கை கழுவிக்கிட்டு இருந்தப்ப நான் ஒண்ணு கேட்டேனே. அது உங்களுக்குக் கேட்கவே இல்லையாப்பா?"

என்ன கேட்டாய் என்று அவர் உதடு அசைந்தது. அதைப் புரிந்துகொள்ள அவளுக்கு யாரும் தேவைப்படவில்லை.

அவள் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். எத்தனை வருஷக் கத்தல். எத்தனை முறை வாயை மூடச் சொல்லியிருப்பாள். அந்தக் கத்தலில் ஒன்றில்கூடக் கோபம் இல்லை என்று இப்போது தெரிகிறது, அது ஒன்றுகூட இனிமேல் வராது என்பதும் தெரிகிறது. அவள் அழுதுகொண்டே கேட்டாள்.

"கத்துங்கப்பா. ஒரே ஒரு தடவை. பாப்பான்னு கத்துங்க."

ரேடியோ வாயைத் திறந்தார். நெற்றி நரம்பு புடைத்தது. தறிக்கூடத்தைத் தாண்டிக் கேட்கிற அளவுக்கு முழு மூச்சையும் திரட்டிக் கூப்பிட்டார். கழுத்துத் துளை வழியாகக் காற்று சீறி வெளியே போனது. அதன்மேல் போட்டிருந்த துணி ஒரு முறை எழும்பி அடங்கியது. நெட்டை உதட்டைப் படித்துவிட்டார், ஆனால் எடுத்துச் சொல்லவில்லை.