சித்தப்பாவைப் பிடித்துவைத்த இரும்புத் துண்டு

எங்கள் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பிரித்துப் போட்டிருப்பதற்காகச் சங்கச் செயலாளர் எனக்கு நோட்டீஸ் கொடுத்திருக்கிறார். ஐந்து வரி நோட்டீஸ். அதில் மூன்று நடைமுறைப் பிழைகள். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு ஆண்டு வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். ஏழு பத்தியில் பதில் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். மறுபதில் வரவில்லை. எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் இப்போது யாருமில்லை என்பதால் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

ஹைதராபாத்தின் மாதாப்பூரில் மென்பொருள் வேலை பார்க்கும் மகன் மாதம் ஒருமுறை வருகிறான். "டாடி, இதை ஸ்க்ராப்ல போட்டுடுங்களேன்" என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான். அவனுக்கு அது இரும்பு. எனக்கு அது அப்பாவும் சித்தப்பாவும் முடிக்காமல் விட்ட வேலை.

அப்போது எனக்குப் பத்து வயது. வட ஆற்காட்டிலிருந்து ஹைதராபாத்துக்குப் பிழைக்க வந்த குடும்பம். லாலாகூடா ரயில்வே காலனியில் வீடு. அம்மா இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. மிச்சமிருந்தது மூன்று பேர்: அப்பா, அவருடைய தம்பியான சித்தப்பா, நான். பெரியவர்கள் இருவரும் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர்கள். அப்பா ஒரு நாளில் பேசுவதை ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம், முகவரிக்கும் இடமிருக்கும். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டால் அது சித்தப்பாவுடையது.

சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார ரயில்வே கார்டிடமிருந்து வந்தது அந்த யுத்தகால மோட்டார் சைக்கிள். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனும் தம்பியும் அதைப் பின்முற்றத்தில் பிரித்துத் துடைத்து, தேய்ந்ததை மாற்றிக் கோத்தார்கள். அந்த வேலையின்போதுதான் அப்பா கொஞ்சம் பேசுவார்.

பாதி வேலையில் சித்தப்பாவுக்குக் கல்கத்தா பக்கம் ஓர் எஃகு ஆலையில் நல்ல வேலை கிடைத்தது. போகாதே என்று அப்பா சொல்லவில்லை. அந்த மாதிரி வாக்கியம் அவருக்கு வராது.

"தொட்ட வேலைய முடிச்சுட்டுப் போ. பாதியில வுட்டுட்டுப் போறவன் ஃபிட்டரே இல்ல" என்றார்.

"ஆவட்டும்ணா. இன்னும் நாலு ஞாயிறு" என்றார் சித்தப்பா.

நான்கு ஞாயிறு என்பது எனக்கு மிகக் குறைவாகப் பட்டது. மூன்றாவது ஞாயிறன்று, விரித்த செய்தித்தாளின் மேல் வரிசையாக வைத்திருந்த உதிரிகளில் ஆஃப்மூன் கீயை எடுத்து என் மைப்புட்டிக்குள் போட்டுவிட்டேன். பிறை வடிவில் விரல் நகத்தளவு எஃகுத் துண்டு அது. எஞ்சின் தண்டையும் அதன் பல்சக்கரத்தையும் ஒன்றாகச் சுழல வைப்பது. அது இல்லாமல் வண்டி கிளம்பாது. வண்டி கிளம்பாமல் சித்தப்பாவும் கிளம்ப முடியாது. என் திட்டத்தில் ஓட்டை எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சித்தப்பா முற்றத்து மண்ணை மாவுச் சல்லடையில் சலித்தார். அப்பா அடுப்புச் சாம்பலைக் கிளறினார்.

"இங்க கெடைக்காது. சீமையிலேருந்துதான் வரணும்" என்றார் அப்பா.

"ஆமாண்ணா. கப்பல்ல வரணும்" என்றார் சித்தப்பா.

சீமைக்குக் கடிதம் எழுதுவது என்று முடிவாயிற்று. யாரும் எழுதவில்லை. ஆலைக்குத்தான் சித்தப்பா அவகாசம் கேட்டு எழுதினார். இரண்டு முறை கொடுத்தார்கள்.

"இன்னா இன்ஸ்பெக்டர் தொரை, திருட்டு கேஸு எந்த மட்டுல கீது?" என்று சித்தப்பா என்னைச் சீண்டுவார்.

"எலி தூக்கினு போயிருக்கும்."

"ஹவ் ஹவ்" என்று உருதுவில் ஆமாம் போடுவார். "ஹைதராபாத் எலி இரும்பும் துண்ணும்!"

ஒருநாள் என் பேனாவுக்கு மை ஊற்றித் தந்தவர், புட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். "மை கொஞ்சம் கெட்டியா கீது தொரை. மூடி பத்திரம்" என்றார். மையின் தரம் பற்றி எனக்கும் கவலையாகிவிட்டது.

நான்கு மாதம் இப்படிப் போனது. பிறகு ஆலையிலிருந்து தந்தி வந்தது: ஒரு வாரத்துக்குள் சேராவிட்டால் வேலை இல்லை. சித்தப்பா மத்தியான ரயிலில் கிளம்பினார். மோட்டார் சைக்கிள் பின்முற்றத்தில் பிரித்தபடியே கிடந்தது. ரயில் நகர்ந்தபோது அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே சிறிது தூரம் நடந்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

எனக்கும் ஒர்க்‌ஷாப்பில் பல வருடம் கழித்துப் பயிற்சிக்கு இடம் கிடைத்தபோது, முதல் மாதமே ஓர் ஆஃப்மூன் கீ செய்யச் சொன்னார்கள். ஓர் எஃகுத் துண்டு, ரம்பம், அரம், அரை மணி நேரம். ஃபிட்டர் என்று பெயர் வாங்கிய எவனும் பேசிக்கொண்டே செய்துவிடுவான். எங்கள் வீட்டில் இரண்டு ஃபிட்டர்கள் நான்கு மாதம் சாம்பலைக் கிளறியிருக்கிறார்கள்.

சித்தப்பாவை ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பிய அன்று சாயங்காலம், இனி அதை ஒளித்துவைத்துப் பயனில்லை என்று மையைக் கொட்டி, கீயை எடுத்து அப்பாவிடம் நீட்டினேன். அது கருநீலமாகியிருந்தது, என் கையும்தான். எங்கே கிடைத்தது என்று அவர் கேட்கவில்லை. பனியன் நுனியால் துடைத்தார். நீலம் போகவில்லை. மறுபடியும் துடைத்தார்.

"கைய கழுவிக்கினு வா. துண்ணலாம்" என்றார்.

பிறகு முற்றத்துக்குப் போய் வண்டியின் மேல் சாக்குகளைப் போட்டு மூடி, நான்கு மூலையிலும் செங்கல் வைத்தார். அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவே இல்லை.

எனக்கு அடி விழவில்லை. அப்பா எதையும் கண்டுபிடிக்கவில்லை என்ற சந்தோஷத்தில் அன்று இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.