நாய்க்குக் கல்லறை, தோசைக்கல்லுக்குப் படிவம்

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்று வளர்த்தது ஐந்து. எழுத்து என் கையெழுத்தோடு சரி. இந்தப் பத்திரிகைப் பக்கத்துக்கு வாராவாரம் நான் சொல்ல, பேத்தி ஆரணிதான் எழுதுகிறாள். எழுத்துப் பிழைக்கு அவளைப் பிடியுங்கள்... வாய்க்கு என்னைப் பிடியுங்கள்.

போன ஞாயிறு மகன் எங்களை ஒரு பழைய இரும்பாலை பார்க்கக் கூட்டிப்போனான். இப்போது நாங்கள் இருக்கிற இந்த ஜெர்மன் நகரம் கெல்சென்கிர்ச்சனுக்கு வர முன்னம் என் மனிசன் செல்லத்துரை பதினொரு வருசம் வேலை செய்த ஆலை. அந்தக் காலத்தில் அவரை முதலாளி மாளிகையின் கேற்றைத் தாண்ட விட்டதில்லை. இப்போது டிக்கெட் எடுத்தால் படுக்கையறை வரைக்கும் விடுகிறார்கள்.

மாளிகை வாசலில் நான் சப்பாத்தைக் கழற்றினேன். வீட்டுக்குள் போகிறவர் வேறென்ன செய்வார்? வழிகாட்டிப் பெண் ஓடி வந்தாள். கழற்றக் கூடாதாம். சப்பாத்துக்கு மேலே தோணி மாதிரி ஒரு கம்பளிச் செருப்பை மாட்ட வேண்டுமாம். அழுக்கைக் கழற்றாமல் மூடிக்கொண்டு நடப்பது — பெரிய வீடுகளின் பழக்கம் எப்போதும் அதுதானே?

பிறகு ஒரு மணித்தியாலம் முதலாளி புராணம். அவர் மூக்குப்பொடி டப்பா. மனைவியின் பியானோ. தோட்டத்தில் அவர் நாய்க்கு ஒரு கல்லறை; கல்லில் நாயின் பெயர், பிறந்த வருசம், செத்த வருசம். எல்லோரும் படம் எடுத்தார்கள்.

கடைசியாக உலைக்கூடம். பத்து நிமிடம். இங்கே தொழிலாளர்கள் வேலை செய்தார்கள் என்றாள். அவ்வளவுதான்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் அடுப்புக் கதவு இருந்தது. அதில் மான்தலை முத்திரை. ஆலையின் அடையாளமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மான்தலையை நான் முப்பது வருசத்துக்கு மேலாகக் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

விசயம் இதுதான். வார்த்து மிஞ்சிய இரும்பில் ஆட்கள் தங்களுக்கு ஏதாவது வார்த்துக்கொள்வார்கள். மேற்பார்வைக்காரன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பான். அது அங்கே வழக்கம். மற்றவர்கள் சிகரெட் சாம்பல் தட்டு வார்க்க, என் மனிசன் தோசைக்கல் வார்த்தார். அடியில் அதே மான்தலை.

ஆரணி இதை ஜெர்மனில் சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. கல்லை இங்கே வைக்கத் தரச் சொன்னாள். தனிப் பெட்டி, தனி விளக்கு எல்லாம் உண்டாம். எனக்கும் ஆசை வந்தது, பொய் சொல்லவில்லை. அவர் போய் ஆறு வருசம். அவர் கை பட்ட ஒன்றை நாலு பேர் நின்று பார்க்கட்டுமே.

பெட்டிக்குப் பக்கத்தில் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டேன். ஒரு படிவத்தைப் பார்த்துச் சொன்னாள்: இரும்புத் தட்டு, வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவர் செய்தது.

மகன் முழங்கையால் இடித்தான். "அம்மா, பேசாமல் குடுங்கோ. இது பெரிய மரியாதை."

"நாய்க்குப் பேர் இருக்கு தம்பி. உன்னைப் பெத்த கொப்பருக்கு இல்லையோ?"

ஆரணி ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள், நாயையும் சேர்த்து. வழிகாட்டிப் பெண் சிவந்து போனாள். பெயர் போடுவதென்றால் நிர்வாகத்துக்கு அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், எழுத வேண்டுமாம். அவர் அங்கே வேலை செய்ததற்கு ஆதாரமும் வேண்டுமாம். நாயிடம் என்ன ஆதாரம் வாங்கினார்களோ தெரியாது.

ஆதாரத்துக்கா பஞ்சம்? அவருடைய வேலைக் கடிதம் அலமாரியில், பென்ஷன் கடதாசிகளுக்கு அடியில் இருந்தது. அன்ட்ராக்கும் எழுதி அனுப்பியாயிற்று. பெயர் வந்தால் கல் போகும். வராவிட்டால் தோசை தொடரும்... இன்று காலையும் சுட்டேன்.

சரி ஆரணி, எழுதினதை முழுக்க ஒருக்கால் வாசி பிள்ளை. அப்பப்பான்ர பேர் வாற இடத்தை மட்டும் ரெண்டு தரம் வாசி.