கக்காஃபனிக்கும் காக்கைக்கும் சம்பந்தமில்லை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, ராகவனின் தம்பி தென்னூரில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "அண்ணா தவறிட்டார், சார். ஆசார்யன் திருவடி அடைஞ்சுட்டார். உங்களுக்கு நேர்லயே சொல்லணும்னு தோணித்து." உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

ராகவனும் நானும் ஒரே கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தோம். ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் வருவார். இந்த இரங்கல் குறிப்பை வாசிக்கும், அவரிடம் படித்த நீங்கள் அவரைப் பொறுமைசாலி என்பீர்கள். எனக்கு இருப்பது வேறு நினைவு.

ஐம்பதுகளின் நடுவில் கல்லூரி மன்றத்தில் சொற்பிறப்பு பற்றிப் பேசினேன். எதற்கும் தமிழில் வேர் தேடும் உற்சாகம் அப்போது எங்களில் பலருக்கு இருந்தது. காதைக் கிழிக்கும் ஓசையை ஆங்கிலத்தில் கக்காஃபனி என்கிறார்களே, அது நம் காக்கையிடமிருந்து போன சொல் என்றேன். கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த ராகவன் எழுந்தார்.

"மன்னிக்கணும். அது கிரேக்கச் சொல். ககோஸ்னா கெட்டது, ஃபோனேன்னா குரல். காக்காய்க்கு இதுல ஒரு பங்கும் இல்லை."

மறுநாள் நான் வகுப்பில் நுழைந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து 'கா, கா' என்று கரைந்தார்கள். அன்று முதல் நான் காக்கா சார். இன்றும் அதுதான் பெயர்.

வகுப்பில் அப்படிக் கரைந்த அன்று மாலை ஆசிரியர் அறையில் ராகவனே வந்து, "கோபமா?" என்றார்.

"தனியா சொல்லியிருக்கலாமே?"

"நீங்க பேசினது நூறு பேருக்கு முன்னாடி. உங்க காதுல மட்டும் நான் சொன்னா, அத்தனை பேரும் தப்பையன்னோ ஆத்துக்கு எடுத்துண்டு போவா?"

அவர் தவறாகச் சொல்லியிருந்தால் என்றோ மறந்திருப்பேன். சரியாகச் சொல்லிவிட்டார். அதன்பின் அவர் ஓய்வு பெறும் வரை பத்து வருடங்கள் ஒரே அறையில், இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தும் அவரிடம் நான் பேசவில்லை. அவர் தினமும் வணக்கம் சொல்வார். நான் விடைத்தாள்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன வருடம் அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு ஒரு கார்டு போட்டார். ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினேன். பாலம் தாண்டி, ஸ்ரீரங்கம் வருமுன்பே மாம்பழச்சாலையில் இறங்கிவிட்டேன். முதல் வார்த்தையாக என்ன சொல்வதென்று தெரியவில்லை. எதிரே வந்த பஸ்ஸில் திரும்பினேன். அடுத்த மாதம் போகலாம் என்று எத்தனையோ மாதம் சொல்லிக்கொண்டேன்.

அவருடையதாக என்னிடம் இருப்பது அந்தக் கார்டு மட்டும்தான். "குரல் போய்விட்டது. இனி உங்களை மறுத்துப் பேச என்னால் முடியாது. தைரியமாக வாருங்கள்" என்று எழுதியிருக்கிறார். நான் பதில் போடவில்லை.