துணி காயாத மொட்டைமாடி

என் வீட்டுக்காரருக்குத் தரை ஆகாது. பதினெட்டு வருஷம் வெளிநாட்டில் டவர் கிரேன் ஓட்டியவர். முப்பது மாடி, நாற்பது மாடி உயரத்தில், காற்றடித்தால் இப்படியும் அப்படியும் ஆடுகிற ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தே பாதி ஆயுசைக் கழித்தவர். நமக்கெல்லாம் உயரத்துக்குப் போனால் தலை சுற்றும். இவருக்குக் கீழே இறங்கினால் சுற்றும். ஊருக்குத் திரும்பி வந்த நாளிலிருந்தே, சாப்பிட உட்கார்ந்தால் தட்டுக்கு முன்னால் மெல்ல ஆடிக்கொண்டே இருந்தார். "என்னங்க, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்லம்மா. இந்தத் தரை அசையவே மாட்டேங்குது. வயித்தைப் பெரட்டுது" என்றார்.

இப்படி ஒரு மனுஷனைக் கூட்டிக்கொண்டுதான் நான் வாடகைக்கு வீடு தேடி அலைந்தேன்.

தேட வேண்டி வந்ததே ஒரு டேப்பினால்தான். நான் தையல்காரி. மகளுக்கு நாலு வயது இருந்தபோது இவர் விமானம் ஏறினார். அன்றிலிருந்து நானும் அவளும் என் தையல் மெஷினும் அண்ணன் வீட்டுப் பின்னறையில்தான். அண்ணன் தங்கமான மனுஷன். அண்ணியும் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. இவர் வந்து மூன்று மாதம் போயிருக்கும். ஒரு நாள் அண்ணி வந்து, "உன் அளவு டேப்பைக் கொஞ்சம் குடேன்" என்று வாங்கிக்கொண்டார். ஏதோ துணி அளக்கத்தான் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் எங்கள் அறையை அளந்துகொண்டிருக்கிறார்! அவர் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அடுத்த மாதக் கடைசியில் மருமகள் வருகிறாள். புதுக் கட்டில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே கொள்ளுமா என்று பார்க்கிறார். நான் என்ன செய்வேன்? டேப்பின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தேன். "எட்டடி மூணு அங்குலம் அண்ணி" என்று அளவையும் நானே வாசித்தேன். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ஒரு பாட்டம் அழுதேன்.

அண்ணி மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் வீடு, அவர் மகன். ஆனால் பதினெட்டு வருஷமாக அந்த வீட்டில் நான் ஒரு டம்ளரைக்கூடச் சத்தம் வராமல்தான் வைத்தேன். யாரும் அப்படி வைக்கச் சொல்லவில்லை. அடுத்தவர் வீட்டில் இருக்கிறவளுக்குக் கை தானாகவே மெல்லத்தான் வைக்கும். எனக்கு வேண்டியதெல்லாம் நான் உள்ளே நின்று தாழ் போடுகிற ஒரு கதவும், என் இஷ்டத்துக்குப் பாத்திரம் உருட்ட ஓர் அடுப்படியும்தான். அதுவும் எங்களால் கொடுக்க முடிகிற வாடகையில், மாதக் கடைசிக்குள்.

காதில் பேனா செருகிய ஒரு புரோக்கரைப் பிடித்தோம். 'வெளிநாடு' என்று கேட்டதுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பதினெட்டு வருஷமா? அப்ப சாருக்கு இந்த வாடகையெல்லாம் ஜுஜுபி!" இவர் சம்பாதித்ததில் இரண்டு தங்கைகளின் கல்யாணம், மாமனாரின் ஆஸ்பத்திரி, மகளின் நர்சிங் படிப்பு எல்லாம் முடிந்து மிச்சம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். புரோக்கருக்குத் தெரிந்தது இவர் மாட்டியிருந்த கறுப்புக் கண்ணாடி மட்டும்தான். "முதல்ல அதைக் கழட்டித் தொலைங்க" என்று பல்லைக் கடித்தேன். கழற்றினார். வாடகை இறங்கவில்லை.

ஒரு வீட்டில் இரண்டு படுக்கையறை என்றார்கள். இரண்டாவதைத் திறந்தால், பல்பு மாட்டிய அலமாரி. இன்னொரு வீட்டில் குளியலறைக்குப் போக ஓனர் வீட்டு ஹாலைத் தாண்ட வேண்டும். அவர்கள் குடும்பத்தோடு டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் தலையில் துண்டோடு நடுவே ஊர்வலம் போக வேண்டுமாம். இவருக்கோ எல்லா வீடும் அரண்மனை. "பெரிசாத்தானம்மா இருக்கு! என் கேபின்ல கால் நீட்டினா கண்ணாடி இடிக்கும்" என்பார்.

இதில் இவருடைய கைப்பேச்சு வேறு. கிரேன்காரருக்குக் கீழேயிருந்து சத்தம் கேட்காது, அதனால் தரையில் நிற்கிற ஆள் கையால்தான் பேசுவான். விரலை மேலே நீட்டிச் சுற்றினால் தூக்கு. கீழே நீட்டிச் சுற்றினால் இறக்கு. இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் கோர்த்துக்கொண்டு நின்றால், எல்லாவற்றையும் அப்படியே நிறுத்து, எதையும் அசைக்காதே என்று அர்த்தம். வீடியோ காலில் எனக்கும் மகளுக்கும் விளையாட்டாக இதையெல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தார். ஊருக்கு வந்தும் அந்தப் பழக்கம் விடவில்லை. ஓனர் வாடகையைச் சொன்னால் இவர் பேசாமல் விரலைக் கீழே காட்டிச் சுற்றுவார். ஓர் ஓனர் பயந்துபோய், "சாருக்குப் பேச்சு வராதா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். "வரும் சார். வாடகையைக் கேட்டதும் போயிடுச்சு" என்றேன்.

ஒரு நாள் என்னைக் கேட்காமலே ஒரு வீட்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். "நாலு பக்கமும் ஜன்னல், காத்து அள்ளிக்கிட்டுப் போகுது, ஊரே தெரியுது" என்று குதித்தார். நானும் ஆசை ஆசையாக ஏழு மாடி ஏறினேன். ஏறிப் பார்த்தால் அது லிஃப்ட் மோட்டார் வைக்கிற அறை! ஓனர் மோட்டாரைச் சுற்றிச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார்.

"சமைக்கிறது எங்கேங்க?"

"அந்த மூலையில."

"படுக்கிறது?"

"இந்த மூலையில."

"மோட்டாரு?"

"அது பாட்டுக்கு நடுவுல இருக்கட்டுமே. நம்மள என்ன பண்ணுது?"

ஏழு மாடியும் திட்டிக்கொண்டே இறங்கினேன். மகளுக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே எடுத்துவிட்டது.

இதற்கிடையில் இவருக்கு இங்கேயே வேலை கிடைத்தது. ஊரின் நடுவில் இருநூற்று நாற்பது வீடு கொண்ட அடுக்குமாடி கட்டுகிறார்கள். அதில் ஒரு வீட்டின் வாசலில் செருப்பைக் கழற்றி விடக்கூட எங்களுக்கு வக்கில்லை. ஆனால் அத்தனை வீட்டுக்கும் கம்பியும் கல்லும் தூக்கிக் கொடுப்பது இவர்தான். கேபினில் ஏறி உட்கார்ந்த அன்றே இவர் முகம் தெளிந்துவிட்டது. இறங்கி ஏற அரை மணி ஆகும் என்று மதியச் சாப்பாட்டையும் மேலேயே வைத்துக்கொள்வார்.

வேலையில் சேர்ந்து பன்னிரண்டாம் நாள். மாதக் கடைசிக்கு இன்னும் எட்டே நாள். மதியம் போன் வந்தது. எடுத்ததுமே மூச்சிரைக்கப் பேசினார்.

"ஏம்மா, துணி காயாத வீடு! மூணு இருக்கு!"

"வெயில் மண்டைக்கு ஏறிடுச்சா?"

"கேளும்மா சொல்றதை. இங்கேருந்து ஊரு மொட்டைமாடி மொத்தமும் தெரியுது. பன்னெண்டு நாளாப் பாக்கிறேன். எல்லா மாடியிலும் தினம் துணி காயுது. மூணே மூணு மாடியில மட்டும் கொடி சும்மாவே கெடக்கு. துணி காயலைன்னா ஆளு இல்ல. ஆளு இல்லைன்னா வீடு காலி! புரோக்கரும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்!"

திட்டத்தான் வாயைத் திறந்தேன். பாதித் திட்டிலேயே மனுஷன் சொல்வது சரிதானே என்று தோன்றிவிட்டது. தைத்துக்கொண்டிருந்ததை மெஷினிலேயே விட்டுவிட்டு, மகளின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டேன். போன் என் காதில், இவர் வானத்தில்.

"இப்ப இடது பக்கம் திரும்பு!"

"யாரோட இடது? உங்க இடதா, என் இடதா?"

"பச்சைத் தண்ணித் தொட்டி தெரியுதா? பக்கத்துல உடைஞ்ச நாற்காலி கெடக்கும் பாரு."

"ரோட்டுல போறவளுக்கு மாடியில கெடக்கிற நாற்காலி எப்படிங்க தெரியும்? மனுஷன் மாதிரி வழி சொல்லுங்க!"

முதல் வீட்டில் ஆள் இருந்தார். சலவைக் கடைக்காரர். "என் துணியெல்லாம் கடையிலேயே காஞ்சிடும்மா. வீட்டுக்கு வந்தும் துணி மூஞ்சியில முழிக்கச் சொல்றீங்களா?" என்றார். இரண்டாவது வீட்டில் நான்கு பையன்கள் இருந்தார்கள். "நாங்க மாசக் கடைசியிலதான் துவைப்போம் ஆன்ட்டி" என்று பெருமையாகச் சொன்னான் ஒருவன். சொல்லியிருக்கவே வேண்டாம், கதவைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. என் நர்ஸ் மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் ஓடினாள். அன்றைய மதியம் அதோடு முடிந்தது. "நாளைக்கு மூணாவது" என்றார் இவர். இன்னும் ஒரே ஒரு மாடிதான் பாக்கி.

மறுநாள் மதியம் போனால், அந்த மூன்றாவது மொட்டைமாடி வீட்டுக்குக் கீழே ஒரு மாவு மில். புருவம் வரைக்கும் மாவு படிந்த மில்லுக்காரம்மா வெளியே வந்தார்.

"மேல வீடு காலிதானேம்மா?"

"ஆமா, காலிதான். ஏழு மாசமா. யார் சொன்னா உனக்கு? நான் போர்டுகூட மாட்டலையே."

நான் வானத்தைக் காட்டினேன். என்னைப் பைத்தியம் என்றுதான் அவர் நினைத்திருப்பார். இருந்தாலும் சாவியை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். ஏறிப் பார்த்தேன். இரண்டு அறை, தனி அடுப்படி, தனிக் குளியலறை, கதவுக்கு உள்ளே முழ நீளத் தாழ். ஒரு ஜன்னலுக்குக் கீழே என் மெஷினுக்கென்றே விட்டது போல ஓர் இடம். வாடகையைக் கேட்டேன். புரோக்கர் சொன்னதில் பாதிகூட இல்லை. ஏன் இவ்வளவு குறைச்சல் என்றேன்.

"நான் பொய் சொல்ல மாட்டேன், தாயி" என்றார் மில்லுக்காரம்மா. "மில்லு ஓடினா மேல வீடு ஆடும். காலையில மூணு மணி நேரம், சாயங்காலம் மூணு மணி நேரம். சுவரு சாயாது, இன்ஜினியரைக் கூட்டிவந்து பாத்துட்டேன். ஆனா ஆடும். கடைசியா இருந்தவங்க பதினஞ்சாம் நாளே தலை சுத்துதுன்னு ஓடிட்டாங்க. இரு, போட்டுக் காட்டுறேன்."

கீழே போய் ஓட்டினார். முதலில் ஜன்னல் கம்பி கிணுகிணுத்தது. அப்புறம் கதவு. அப்புறம் தரை என் உள்ளங்காலில் குறுகுறுவென்று ஏறியது. அலமாரியில் யாரோ விட்டுப்போன ஒரு தட்டு தானாகவே நகர்ந்து விளிம்புக்கு வந்தது. மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு, "அம்மா! அப்பா வீடும்மா! இது அப்பாவுக்குன்னே கட்டின வீடு!" என்று கத்தினாள். எனக்கு வந்ததே ஒரு சிரிப்பு! நிற்க முடியவில்லை. சிரிப்பினாலா ஆட்டத்தினாலா என்று தெரியவில்லை, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினோம்.

மொட்டைமாடியில் வெறும் கொடி காற்றில் கிடந்தது. தூரத்தில், எல்லாக் கட்டடத்துக்கும் மேலே, மஞ்சள் கிரேன். போனில் இவர் ஏதோ கேட்டார். மில் போட்ட சத்தத்தில் ஓர் எழுத்தும் கேட்கவில்லை. "வீடு கிடைச்சிடுச்சுங்க!" என்று நான் கத்தியது அவருக்கும் கேட்டிருக்காது. பார்த்தேன். போனை மகளிடம் கொடுத்துவிட்டு, மாடியின் நடுவில் போய் நின்றேன். கிரேனைப் பார்த்து, இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் கோர்த்துக்கொண்டேன். எல்லாவற்றையும் அப்படியே நிறுத்து. எதையும் அசைக்காதே. காலடியில் முழு வீடும் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருக்க, நான் கோர்த்த கையை எடுக்கவே இல்லை.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்தப் பெரிய கிரேனின் கொக்கி, ஊரே பார்க்க, மெல்ல மேலே ஏறியது. கீழே இறங்கியது. மறுபடி ஏறி, மறுபடி இறங்கியது. மகள் விசில் அடித்தாள். சாப்பாட்டு நேரத்தில் கொக்கியை ஆட்டியதற்கு இவர் சூப்பர்வைசரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக்கதை.

மில் நின்றதும் போன் வந்தது. இவர் குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"பதினெட்டு வருஷம் மேலேருந்து பாத்துக்கிட்டே இருந்தேம்மா. எறும்பு மாதிரி எல்லாரும் தெரிவாங்க. நீ மட்டும் தெரிஞ்சதே இல்ல. இன்னிக்குத்தான் தெரிஞ்சே."

வெறும் கொடியை இழுத்துப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருந்தது.

"நாளைலேருந்து தினம் இங்கதான் துணி காயப்போடுவேன். நல்லாக் கண்ணைத் தொறந்து பாத்துக்குங்க" என்றேன்.

மாதக் கடைசிக்கு மூன்று நாள் முன்பே சாமான் ஏற்றினோம். அண்ணன் வாசல் வரை வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணி ஒரு புது அளவு டேப் வாங்கிக் கொடுத்தார். பழசை அவரே வைத்துக்கொண்டாராம், கட்டிலுக்குப் பிறகு பீரோ வாங்க வேண்டுமாம்.

அன்று சாயங்காலம் முதல் சாப்பாடு. கதவைச் சாத்தி முழ நீளத் தாழைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். சரியாக அப்போது கீழே மில் ஓடத் தொடங்கியது. தட்டுகள் கிலுகிலுவென்றன. நானும் மகளும் இருந்த இடத்திலேயே குலுங்கிச் சிரித்தோம். ஊருக்கு வந்து ஐந்து மாதத்தில் முதல் தடவையாக இவர் மட்டும் ஆடாமல் நேராக உட்கார்ந்து, நிம்மதியாகச் சாப்பிட்டார். இரண்டாம் முறை கேட்டு வாங்கியும் சாப்பிட்டார்.

எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றினேன். என் டம்ளரைக் குடித்து முடித்து, பழைய பழக்கத்தில் ஓசையில்லாமல் கீழே வைக்கப் போனேன். பாதியில் கை நின்றது. இவர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, விரலைக் கீழே நீட்டிச் சுற்றினார்.

ணங்கென்று வைத்தேன்.